லண்டனிலிருந்து போன தந்தி

1960 ஆகஸ்ட் 15ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் நிக்கோசியாவில் சைப்ரஸ் குடியரசு பிறந்தது. பிரிட்டிஷ் ஆளுநர் ஹியூ ஃபுட், கிரேக்க சமூகத்தின் தலைவர் பேராயர் மகாரியோஸ், துருக்கிய சமூகத்தின் தலைவர் டாக்டர் ஃபாசில் குச்சுக் என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதங்களில் துருக்கியர்களுக்காக இருந்த ஷரத்துகளை வரிவரியாக வாதாடி உள்ளே கொண்டுவந்த மனிதர் மட்டும் அங்கே இல்லை. அவர் அப்போது மர்மராக் கடலில், யஸ்ஸியாடா என்ற பொட்டுத் தீவில், இராணுவத்தின் கைதியாக இருந்தார். சரியாகப் பதின்மூன்று மாதம் கழித்து, 1961 செப்டம்பர் 16 அதிகாலையில் அவரை இன்னொரு தீவுக்குக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டார்கள். பெயர் ஃபத்தின் ருஷ்து ஸோர்லு. துருக்கியின் வெளியுறவு அமைச்சர். வயது 51.

சைப்ரஸைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் ஐந்தாறு வருடமாகப் படித்துவருகிறேன். எங்கே திரும்பினாலும் இந்த மனிதர் வந்து நிற்கிறார். முதலில் அவருக்காக வருத்தப்பட்டேன், அப்புறம் அவர்மேல் கோபம் வந்தது, இப்போது இரண்டும் என்னிடம் சேர்ந்தே இருக்கின்றன. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஸோர்லு 1910இல் பிறந்தவர், கலாத்தாசராய் பள்ளியில் படித்தவர். இஸ்தான்புல்லில் பிரெஞ்சு வழியில் பாடம் நடக்கும் பழைய பள்ளி அது, துருக்கியின் தூதர்களில் பல பேர் அங்கே படித்து வந்தவர்கள்தான். பிறகு பாரிஸில் அரசியல், ஜெனீவாவில் சட்டம். 1932இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். அமைச்சராக அப்போது இருந்தவர் நவீன துருக்கியை நிறுவிய கெமால் அத்தாதுர்க்கின் நெருங்கிய கூட்டாளி தெவ்ஃபிக் ருஷ்து அராஸ். 1925 முதல் 1938 வரை, பதின்மூன்று வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர். அராஸின் மகள் எமெலைத்தான் ஸோர்லு திருமணம் செய்துகொண்டார். மாமனார் வெளியுறவு அமைச்சர், மருமகனும் ஒரு நாள் அதே நாற்காலிக்கு வந்தார். அந்த மாமனார் 1972 வரை உயிரோடு இருந்தார். மருமகனைத் தூக்கில் போட்ட பிறகும் பத்து வருடத்துக்கு மேல்.

பெர்ன், பாரிஸ், மாஸ்கோ, பெய்ரூத் என்று பணி செய்துவிட்டு, 1952இல் துருக்கி நேட்டோவில் சேர்ந்ததும் அங்கே நிரந்தரப் பிரதிநிதியானார். உழைப்பாளி, கூர்மையானவர், கீழே வேலை செய்பவர்கள் நடுங்கும் அளவுக்குக் கடுமையானவர் என்று அவரைத் தெரிந்த எல்லோரும் சொல்கிறார்கள். ஸோர்லு என்ற சொல்லுக்குத் துருக்கி மொழியில் கடினமான, பலமான என்றுதான் பொருள், பெயர் ஆளுக்குப் பொருந்திவிட்டது. 1954 தேர்தலில் அத்னான் மெந்தெரெஸின் ஜனநாயகக் கட்சி அவரை சானக்கலே தொகுதியில் நிறுத்தி நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. வந்த உடனேயே துணைப் பிரதமர். நேற்றுவரை அதிகாரியாக இருந்த ஒருவர் ஒரே எட்டில் அவ்வளவு உயரம் போனதைக் கட்சிக்காரர்கள் பலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அந்தப் புகைச்சல் கடைசிவரை அடங்கவில்லை.

1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாடு. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. நேரு அணிசேராமை பேசிக்கொண்டிருந்தபோது, துருக்கிக் குழுவின் தலைவராக வந்த ஸோர்லு எழுந்து, நடுநிலை என்று ஒதுங்கி நிற்பது ஆபத்து, நேட்டோ எங்களைக் காப்பாற்றுகிறது என்று வெளிப்படையாகவே வாதாடினார். இலங்கைப் பிரதமர் ஜான் கொத்தலாவலை, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதும் காலனி ஆதிக்கம்தானே என்று கேட்டுச் சபையைக் கலங்க வைத்தபோது அந்தப் பக்கம் உறுதியாக நின்ற நாடுகளில் துருக்கியும் ஒன்று. நேருவுக்குப் பெரும் கோபம். எனக்கு நேருவின் நிலைதான் பிடிக்கும், ஆனாலும் அந்தச் சபையில் தனக்குக் கைதட்டல் கிடைக்காது என்று தெரிந்தே ஒருவர் எழுந்து பேசியதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில்தான் லண்டன் மாநாடு. இந்தக் கதையில் என் மனம் போய்ப் போய் முட்டி நிற்கிற இடம் இதுதான்.

சைப்ரஸில் ஐந்தில் நான்கு பேர் கிரேக்கர்கள், துருக்கியர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கிரேக்கத்தோடு இணைய வேண்டும் என்று 1955 ஏப்ரல் 1இல் எயோக்கா என்ற கிரேக்க சைப்ரியர் குழு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. அதுவரை சைப்ரஸ் பிரச்சினை என்று ஒன்று எங்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்லிவந்த அங்காராவை, பிரிட்டன் மாநாட்டு மேசைக்கு அழைத்து உட்காரவைத்தது. கிரேக்கத்தை அடக்கி வைக்க பிரிட்டனுக்கு இன்னொரு குரல் தேவைப்பட்டது. துருக்கியின் குரலாக லண்டன் போனவர் ஸோர்லு. தீவு எங்கள் தென்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிரிட்டன் போவதானால் அது பழைய சொந்தக்காரரான எங்களிடம்தான் திரும்பி வரவேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த நாட்களில் லண்டனிலிருந்து பிரதமர் மெந்தெரெஸுக்கு அவர் ஒரு சங்கேதத் தந்தி அனுப்பினார். துருக்கியில் மக்கள் கருத்து இன்னும் வலுவாகத் தெரிந்தால் இங்கே பேச உதவியாக இருக்கும் என்பது அதன் சாரம். 'சைப்ரஸ் துருக்கியருடையது' என்ற சங்கத்தின் தலைவர், செப்டம்பர் 5ஆம் தேதி மெந்தெரெஸ் தன்னிடமே இந்தத் தந்தியைப் பற்றிப் பேசினார் என்று பிற்பாடு சொன்னார்.

மறுநாள் செப்டம்பர் 6. கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில் அத்தாதுர்க் பிறந்த வீட்டை ஒட்டிய துருக்கித் துணைத் தூதரகத் தோட்டத்தில் குண்டு வெடித்தது. உடைந்தது என்னவோ கண்ணாடிகள்தான். 'இஸ்தான்புல் எக்ஸ்பிரஸ்' என்ற மாலை நாளிதழ் அவசரப் பதிப்பு போட்டது, வழக்கமாக இருபதாயிரம் பிரதி போகும் தாள் அன்றைக்கு லட்சக்கணக்கில் அச்சாகித் தெருவுக்கு வந்தது. சாயங்காலம் இஸ்தான்புல்லின் தக்சிம் சதுக்கத்தில் கூட்டம். அப்புறம் கடப்பாரை, கோடரி, பெட்ரோல். கிரேக்கர்களின் கடைகள், வீடுகள், பள்ளிகள், கல்லறைகள். ஆர்மீனியர்களையும் யூதர்களையும்கூட விடவில்லை. 73 தேவாலயங்கள் சேதமாயின. மொத்தம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள். செத்தவர்கள் பன்னிரண்டுக்குக் குறையாது என்பவர்களும் உண்டு, முப்பதைத் தாண்டும் என்பவர்களும் உண்டு. பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், அந்த எண்ணிக்கையை யாரும் ஒழுங்காக எடுக்கவில்லை. அன்றைய இஸ்திக்லால் தெருவின் புகைப்படம் ஒன்று இருக்கிறது, ஜவுளிக்கடைகளிலிருந்து வீசியெறிந்த துணிச் சுருள்கள் தெரு முழுக்கப் பிரிந்து கிடக்கும், அதன்மேல் ஆட்கள் நடந்துபோவார்கள். ஒரு துணிக்கடையில் ஒரு சுருளை எவ்வளவு கவனமாகத் தூக்கி வைப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன், அதனாலோ என்னவோ அந்தப் படத்தை என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடிவதில்லை.

அரசு முதலில் கம்யூனிஸ்டுகள்மேல் பழியைப் போட்டது. சம்பந்தமே இல்லாத இடதுசாரி எழுத்தாளர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். குண்டு வைத்ததாகக் கிரேக்கப் போலீஸ் பிடித்த துருக்கியச் சட்டக் கல்லூரி மாணவர், தான் குற்றமற்றவர் என்றே சொல்லிவந்தார், பல வருடம் கழித்துத் துருக்கியில் ஒரு மாகாணத்துக்கு ஆளுநராகவும் ஆனார். இராணுவத்தின் சிறப்புப் போர்ப் பிரிவில் இருந்த ஒரு தளபதி, அது எங்கள் வேலை, அருமையாக ஏற்பாடு செய்யப்பட்ட வேலை என்ற பொருளில் பத்திரிகையாளரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, பின்னால் மறுத்தார்.

ஸோர்லு இதில் எவ்வளவு தூரம்? கலவரம் வேண்டும் என்று கேட்டாரா, ஊர்வலம் போதும் என்று நினைத்தாரா? அந்தத் தந்தியை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இவ்வளவு அனுபவமுள்ள ஒருவருக்கு, அப்படி ஒரு நேரத்தில் அப்படிக் கேட்டால் ஊரில் என்ன நடக்கும் என்று தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். அதற்குமேல் அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரத்தைத் தேட வேண்டிய நீதிமன்றம் ஒன்று பின்னால் வந்தது, அது செய்த கூத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

1955 நவம்பரில் அவர் ஒருமுறை விழுந்தார். வெளிநாட்டு வணிக அனுமதிகளில் கமிஷன் பார்க்கிறார் என்று பேச்சு, 'பத்து சதவீதக்காரர்' என்று எதிரிகள் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கட்சியின் நாடாளுமன்றக் குழு கொந்தளித்து அமைச்சர்களைப் பதவி விலக வைத்தது, மெந்தெரெஸ் தனக்கு மட்டும் தனியாக நம்பிக்கை வாக்கு வாங்கித் தப்பினார். விசாரணையில் ஸோர்லுமேல் குற்றம் நிரூபணமாகவில்லை. பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, 1957 நவம்பரில், வெளியுறவு அமைச்சராகவே திரும்பி வந்தார்.

அடுத்த இரண்டரை வருடம் அவருடைய உச்சம். ஈராக் மன்னர் ஃபைசலை வரவேற்க 1958 ஜூலை 14 காலையில் துருக்கித் தலைவர்கள் இஸ்தான்புல் விமான நிலையத்தில் காத்திருக்க, மன்னரைப் பாக்தாத்தில் கொன்றுவிட்டார்கள் என்ற செய்திதான் வந்து சேர்ந்தது. துருக்கி கட்டிய பாக்தாத் ஒப்பந்தம் என்ற பாதுகாப்புக் கூட்டணி அன்றோடு ஆட்டம் கண்டது. ஜூப்பிட்டர் ஏவுகணைகளை வைக்க அமெரிக்காவுக்கு இடம் கொடுத்தது இவர் காலத்தில்தான். 1959 ஜூலையில், கிரேக்கம் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் கதவைத் தட்டிய சில வாரங்களிலேயே துருக்கியும் தட்டியது. கிரேக்கம் தண்ணீரில்லாத குளத்தில் குதித்தாலும் யோசிக்காமல் கூடவே குதியுங்கள் என்று அவர் அதிகாரிகளிடம் சொன்னதாகத் துருக்கித் தூதர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் சைப்ரஸ்தான் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தீவின் துருக்கியர்களுக்கு இரகசியமாக ஆயுதம் அனுப்ப உதவியவரும் இவர்தான், சமாதானம் பேசியவரும் இவர்தான். 1958 டிசம்பரில் ஐ.நா. சபையில் கிரேக்க வெளியுறவு அமைச்சர் இவாஞ்சலோஸ் அவெரோஃபும் இவரும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். விவாதம் முடிந்து வாக்கெடுப்பும் முடிந்ததும், ஸோர்லு நேராக அவெரோஃபிடம் நடந்துபோய்ப் பாராட்டிவிட்டு, நாம் பேசலாமே என்றார். அவெரோஃபே இதை எழுதியிருக்கிறார். பாரிஸில் தொடர்ந்து, 1959 பிப்ரவரியில் சூரிக்கில் இரண்டு பிரதமர்களும் உட்கார்ந்து முடித்தார்கள். இணைப்பும் இல்லை, பிரிவினையும் இல்லை, தனி நாடு. குடியரசுத் தலைவர் கிரேக்கர், துணைத் தலைவர் துருக்கியர், அவருக்கு இரத்து அதிகாரம். அரசுப் பணியில் 70க்கு 30, படையில் 60க்கு 40. இதுபோகக் கிரேக்கம் தன் வீரர்கள் 950 பேரையும், துருக்கி தன் வீரர்கள் 650 பேரையும் தீவில் நிறுத்திக்கொள்ளலாம்.

லண்டனில் கையெழுத்துப் போட வந்த மெந்தெரெஸின் விமானம் பிப்ரவரி 17 அன்று கேட்விக் அருகே மரங்களில் மோதி விழுந்து 14 பேர் செத்தார்கள். மெந்தெரெஸ் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கையெழுத்துப் போட்டார், மாநாட்டு மேசையில் ஸோர்லு காரியத்தை முடித்தார். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத சமூகத்துக்கு இரத்து அதிகாரத்தை வாங்கித் தந்த சாமர்த்தியத்தை மறுக்க முடியாது. அந்த அமைப்பு மூன்று வருடம்தான் தாங்கியது, 1963 டிசம்பரில் இரத்தம் ஓடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த நேரத்தில் உள்நாட்டில் மெந்தெரெஸ் ஆட்சி முறுகிக்கொண்டே போனது. பத்திரிகைகளுக்குப் பூட்டு, எதிர்க்கட்சியை விசாரிக்க ஆளுங்கட்சிக்காரர்கள் மட்டுமே உள்ள ஆணையம், 1960 ஏப்ரல் 28இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு, அப்புறம் இராணுவச் சட்டம். மே முதல் வாரம் நேட்டோ அமைச்சர்கள் கூட்டம் இஸ்தான்புல்லிலேயே நடந்தது, வெளியே மாணவர்கள் கோஷம் போட, உள்ளே ஸோர்லு விருந்தினர்களை உபசரித்துக்கொண்டிருந்தார். மே 27 விடியற்காலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கர்னல் துர்கேஷ் வானொலியில் படித்த அறிவிப்பில், நேட்டோவுக்கும் சென்டோவுக்கும் (பாக்தாத் ஒப்பந்தத்தின் புதுப் பெயர்) நாங்கள் கட்டுப்பட்டவர்கள் என்ற உறுதிமொழி இருந்தது. ஸோர்லு கட்டிக்காத்த கொள்கையை அப்படியே எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் சிறையில் போட்டார்கள். அவருக்குக் கீழே அமைச்சகத்தின் தலைமைச் செயலராக இருந்த செலிம் சார்பெர் மறுநாளே வெளியுறவு அமைச்சர்.

யஸ்ஸியாடா விசாரணை 1960 அக்டோபர் 14இல் தொடங்கியது. 592 பேர் குற்றவாளிக் கூண்டில். முதல் வழக்கு என்ன தெரியுமா? ஆப்கானிஸ்தான் மன்னர் குடியரசுத் தலைவர் பயாருக்குப் பரிசாகக் கொடுத்த நாயை விலங்குக் காட்சிசாலைக்கு விற்ற வழக்கு. மெந்தெரெஸுக்குக் காதலியிடம் பிறந்து இறந்த குழந்தையைப் பற்றி ஒரு வழக்கு. ஒரு மனிதனை ஊர் முன்னால் சிறுமைப்படுத்துவதற்கென்றே போட்ட வழக்குகள் இவை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் முறையிட்டபோது, உங்களை இங்கே அடைத்த சக்தி இப்படித்தான் விரும்புகிறது என்று தலைமை நீதிபதி சலிம் பாஷோல் சொன்னது துருக்கியில் இன்றும் எல்லோருக்கும் தெரிந்த வாசகம்.

இந்த வரிசையில்தான் செப்டம்பர் 6, 7 கலவர வழக்கும் வந்தது. தந்தி மேசைக்கு வந்தது. மெந்தெரெஸுக்கும் ஸோர்லுவுக்கும் ஆறு ஆண்டு சிறை. அவ்வளவுதான். லாரிகளில் ஆட்களை ஏற்றி வந்தது யார், எந்த வீடு யாருடையது என்ற பட்டியல் எங்கிருந்து வந்தது, போலீஸும் இராணுவமும் மணிக்கணக்கில் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றன என்ற கேள்விகளை அந்த நீதிமன்றம் கேட்டிருந்தால் இராணுவத்தின் வீட்டுக்குள்ளேயே போக வேண்டியிருக்கும். தன்னை நியமித்தவர்களிடம் போய் அது எப்படிக் கேட்கும்? நாய் வழக்குக்கும் குழந்தை வழக்குக்கும் நடுவே இதையும் ஒன்றாகப் போட்டு முடித்துவிட்டார்கள். எனக்குத் தாங்க முடியாத கோபம் இந்த இடத்தில்தான். கடையை இழந்தவர்களும் தாத்தாவின் கல்லறையை இழந்தவர்களும் ஒரு நீதிமன்றத்துக்காக ஐந்து வருடம் காத்திருந்தார்கள், கிடைத்தது இதுதான்.

தூக்குத் தண்டனை வந்தது வேறு வழக்கில், அரசியல் சட்டத்தை மீறியதாக. 1961 செப்டம்பர் 15 தீர்ப்பில் 15 பேருக்குத் தூக்கு, 31 பேருக்கு ஆயுள். ஒருமனதாகத் தூக்கு விதிக்கப்பட்ட நான்கு பேரில் பயாருக்கு வயதைக் காட்டி ஆயுளாக்கினார்கள். மெந்தெரெஸ், நிதியமைச்சர் ஹசன் பொலாத்கான், ஸோர்லு மூவருக்கும் இல்லை. வெளிநாட்டுத் தலைவர்கள் கெஞ்சினார்கள், பழைய எதிரியான, எதிர்க்கட்சித் தலைவர் இஸ்மெத் இனோனுவே வேண்டாம் என்று எழுதினார். உள்நாட்டு அடக்குமுறைக்காக ஏன் வெளியுறவு அமைச்சரைத் தூக்கில் போட வேண்டும்? இதற்கு ஒரு நேரான பதில் எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. அவரை வெறுத்தவர்கள் அதிகம், அவருக்காகப் பேச ஆள் குறைவு என்பதுதான் எனக்குப் படுகிறது. அமைச்சகத்தில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், கட்சியில் அவர் உயர்வைப் பார்த்துப் புழுங்கியவர்கள், பத்து சதவீதம் என்ற பேச்சை நம்பியவர்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் அவர் தீர்ப்பை எழுதியிருக்க வேண்டும்.

இம்ராலித் தீவில் அவர் பதறவில்லை. தொழுதார், குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார், நிதானமாக நடந்துபோனார் என்கிறார்கள். மெந்தெரெஸ் மாத்திரைகளை விழுங்கி மயங்கிக் கிடந்ததால் அவரை ஒரு நாள் வைத்தியம் பார்த்துத் தேற்றி, 17ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். நான்கே வாரத்தில், அக்டோபர் 15 தேர்தலில், அந்தக் கட்சியின் வாரிசுகளாக வந்தவர்களுக்கு மக்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள்.

1990இல் நாடாளுமன்றம் மூவரின் பெயரையும் துடைத்துக் கொடுத்தது. செப்டம்பர் 17 அன்று குடியரசுத் தலைவர் துர்குத் ஓசால் முன்னிலையில், இம்ராலியில் புதைத்திருந்த உடல்களைக் கொண்டுவந்து இஸ்தான்புல்லில் தோப்காப்பி அருகே நினைவிடத்தில் வைத்தார்கள். 2020இல் யஸ்ஸியாடா 'ஜனநாயக, சுதந்திரத் தீவு' என்ற பெயரோடு திறக்கப்பட்டது. அநியாயமாகத் தூக்கிலிடப்பட்டவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இது, இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் தியாகி என்று ஆகிவிட்ட ஒருவரிடம் அதற்கப்புறம் அந்தத் தந்தியைப் பற்றி யார் கேட்பார்கள்? விசாரணை செல்லாது என்றதும், அதில் அரைகுறையாகக் கேட்கப்பட்ட அந்த ஒரே நியாயமான கேள்வியும் சேர்ந்து செல்லாமல் போய்விட்டது. 1955 கலவர வழக்குகளை விசாரித்த இராணுவ நீதிபதி ஒருவர், தன்னிடமிருந்த புகைப்படங்களையும் ஆவணங்களையும் தன் மரணத்துக்குப் பிறகு வெளியிடும்படி ஒப்படைத்துவிட்டுப் போனார். 2005இல், ஐம்பதாம் ஆண்டில், இஸ்திக்லால் பகுதியிலேயே அவற்றைக் கண்காட்சியாக வைத்தபோது ஒரு கும்பல் உள்ளே புகுந்து படங்களைக் கிழித்தது, முட்டை எறிந்தது.

இஸ்தான்புல் போனபோது அந்த நினைவிடத்துக்குப் போயிருந்தேன். பழைய கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில், பெரிய சாலை இரைந்துகொண்டிருக்க, மூன்று கல்லறைகள். ஒரு வயதான அம்மா தலையில் முக்காடிட்டு மூன்றுக்கும் முன்னால் நின்று கைகளை ஏந்திப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். நானும் ஸோர்லுவின் கல்லறைமுன் சிறிது நேரம் நின்றேன். சாயங்காலம் இஸ்திக்லால் தெருவில், கைப்பேசியில் அந்தத் துணிச் சுருள் படத்தை வைத்துக்கொண்டு அது எந்த இடமாக இருக்கும் என்று மாடங்களையும் சன்னல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபடி தக்சிமிலிருந்து கலாத்தாசராய் பள்ளியின் வாசல்வரை நடந்தேன். வழியில் செப்டம்பர் 6ஐப் பற்றி ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. பள்ளியின் பெரிய இரும்புக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே தோட்டத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள்.